பழைய தோல் கோட்டும் தச்சுப் பட்டறையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரத்தை இறுக்கிப் பிடிக்கும் என் வைஸின் தாடையில் ஒட்டியிருக்கும் தோலில் ஒரு பொத்தான் துளை அப்படியே இருக்கிறது. பட்டறைக்கு வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதான். "இது என்ன, கோட்டா?" என்று ஆரம்பித்தால் அடுத்தடுத்துக் கேள்விகள் வரும். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்துப்போனதால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

தோல் உடுப்பு என்று நான் சொல்வதில் கோட்டு, கையில்லாத மேலங்கி, பேன்ட், கையுறை, பெல்ட் எல்லாம் அடக்கம். ஜாக்கெட் என்று எழுதாமல் கோட்டு என்று எழுதுவதற்கும் காரணம் உண்டு. "பழைய ஜாக்கெட் இருந்தால் கொடுங்கள்" என்று ஒருமுறை கேட்டுவைத்தேன். ஒரு பை நிறைய ரவிக்கை வந்து சேர்ந்தது.

தோல்தான் வேண்டுமா? ரப்பர் ஷீட், கார்ப்பெட் துண்டு இதெல்லாம் போதாதா?

அவசரத்துக்குப் போதும். ஆனால் சில ரப்பர்கள் வார்னிஷ் அடித்த பரப்பில் நாள்பட அழுத்திக்கொண்டிருந்தால் கறை விடும். கார்ப்பெட்டின் இழைகளுக்குள் மரச்சில்லு புகுந்துகொள்ளும். வைஸை இறுக்கும்போது அந்தச் சில்லு வேலைப்பொருளில் பள்ளம் போடும். தோலில் விழுந்த சில்லை ஒரு தட்டுத் தட்டினால் போதும்.

தோலில் இரண்டு குணம் சேர்ந்திருக்கிறது: அமுங்கிக் கொடுக்கும், வழுக்காது. இரும்புக்கும் மரத்துக்கும் நடுவில் இருக்க வேண்டிய பொருளுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? கோட்டுத் தோலிடம் இந்த இரண்டையும் தாண்டி எதிர்பார்க்காதீர்கள். கீழே வரும் தகராறுகளில் பாதி, மெல்லிய தோலிடம் தடித்த தோலின் வேலையைக் கேட்டதால் வந்தவை.

என்னிடம் இருப்பது நிஜத் தோலா ரெக்சினா, எப்படிக் கண்டுபிடிப்பது?

உள்தையலைக் கொஞ்சம் பிரித்து, வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். நிஜத் தோல் என்றால் மேலிருந்து கீழ்வரை நார் நாராகப் பின்னிக்கிடக்கும், பின்பக்கம் சொரசொரவென்று மயிர்க்கால் போல இருக்கும். ரெக்சினின் பின்பக்கத்தில் நெய்த துணியோ பின்னல் துணியோ தெரியும். மேலே ஒரு ஏடாகப் பிளாஸ்டிக் உரிந்து வரும்.

குழப்புவது மூன்றாவது வகை: தோல் கழிவை அரைத்துப் பசையோடு சேர்த்துத் தகடாக்கியது. பின்பக்கம் தோல் மாதிரியே இருக்கும், வாசனையும் தோல் வாசனைதான். ஓரத்தை நகத்தால் சுரண்டினால் நீள நார் வராது, துகளாக உதிரும். இது பட்டறைக்கு ஆகாது. வைஸில் ஒட்டினால் சீக்கிரமே பொருக்குத் தட்டும்.

நெருப்பில் காட்டிப் பார்க்கச் சொல்வார்கள். தோல் முடி கருகும் நாற்றம் தரும், ரெக்சின் உருகிச் சொட்டும். உண்மைதான், ஆனால் ஓரத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடுவதற்கு எதற்குப் புகை? தோலைக் கொளுத்துவது ஏன் வேண்டாம் என்பது கடைசிப் பக்கம் ஒரு கேள்வியில் வருகிறது.

பூஞ்சை பிடித்து நாறுகிறது. துவைத்து எடுத்துக்கொள்ளலாமா?

வாஷிங் மெஷினில் போடாதீர்கள். தோலுக்குள் இருக்கும் எண்ணெய் வெளியேறி, காய்ந்ததும் அப்பளம் மாதிரி விறைத்துவிடும். வெளியில் எடுத்துப்போய், முகக்கவசம் போட்டுக்கொண்டு பிரஷ்ஷால் பூஞ்சையைத் தட்டுங்கள். ஸ்பிரிட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்த துணியால் துடையுங்கள். சாயம் போகிறதா என்று முதலில் ஒரு மூலையில் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு நிழலில், காற்றோட்டத்தில் தொங்கவிடுங்கள். வெயில் வேண்டாம்.

லேசாகக் கறை மிஞ்சினால் மிஞ்சட்டும், நாம் போட்டுக்கொண்டு விருந்துக்குப் போகப் போவதில்லை. ஆனால் தேய்த்தால் செம்மண் மாதிரிப் பொடி உதிர்கிற அளவுக்குப் பழசாகிவிட்டால் அது செத்த தோல். எந்த எண்ணெய் போட்டாலும் திரும்பாது, தூக்கிப்போட வேண்டியதுதான்.

எங்கிருந்து வெட்டத் தொடங்குவது? கத்தரிக்கோல் போதுமா?

வெட்டாதீர்கள், முதலில் பிரியுங்கள். உள்துணியைக் கழற்றிவிட்டால் தையல்கள் எல்லாம் தெரியும். தோல் கோட்டில் தையல் ஓரங்களை இரண்டு பக்கமும் மடித்துப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள்; மெதுவாக இழுத்தால் பிரிந்து வரும். அப்படிப் பிரித்தால் ஓரத்தில் விரலகலத் தோல் கூடுதலாகக் கிடைக்கும். முதுகுப் பாகமும் கைகளும்தான் பெரிய துண்டுகள். தையல் ஊசித் துளைகள் மூடாது, அவை இருக்கும் இடத்தை அழுத்தம் தாங்கும் வேலைக்கு வைக்காதீர்கள்.

பொத்தான், கொக்கி, ரிவெட், ஜிப் எதையும் விடாமல் கழற்றுங்கள். காலர் மடிப்புக்குள் ஒளிந்திருந்த ஒரு சின்ன அழுத்துப் பொத்தானை நான் கவனிக்கவில்லை. அந்தத் தோலை நடுவில் வைத்து, பலகையை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போட்டு மறுநாள் எடுத்தபோது, மழமழவென்று இழைத்து வைத்திருந்த பலகையில் வட்டமாக ஒரு முத்திரை. ஈரத்துணி வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியை ஒற்றியதில் முக்கால்வாசி எழும்பியது. மீதி இன்னும் இருக்கிறது.

பெரிய துண்டுக்குக் கத்தரி பரவாயில்லை. நேர்கோடு வேண்டுமென்றால் இரும்பு அளவுகோலும் புது பிளேடும். சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கும்படி போட்டு, அழுத்தாமல் இரண்டு மூன்று தடவையாக வெட்டுங்கள். ஒரே அழுத்தில் வெட்டப் பார்த்தால் மெல்லிய தோல் பிளேடோடு இழுபட்டுக் கோடு வளைந்துவிடும்.

வைஸ் தாடையில் ஒட்டும்போது எந்தப் பக்கம் வெளியே தெரிய வேண்டும்?

சொரசொரப்பான பக்கம். மரத்தைப் பிடித்துக்கொள்வது அதுதான். அப்படியென்றால் பளபளப்பான பக்கம் பசையில் உட்கார வேண்டும், சிக்கல் அங்கேதான். உடுப்புத் தோலின் மேலே ஒரு பூச்சு இருக்கும். பசை அந்தப் பூச்சில்தான் ஒட்டும், பூச்சு தோலைவிட்டு உரிந்துவரும். 80ஆம் நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்துவிட்டு ஒட்டுங்கள்.

தாடையைவிடச் சுற்றிலும் சற்றே பெரிதாக வெட்டி, பசை பூசி ஒட்டி, மேலே ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து, சமமான பலகைத் துண்டை நடுவில் கொடுத்து வைஸையே மூடி இறுக்குங்கள். மறுநாள் திறந்து ஓரத்தைப் பிளேடால் சீவிவிடலாம். இரண்டு தாடைக்கும் ஒரே கோட்டின் ஒரே பாகத்திலிருந்து எடுத்தால் தடிமன் ஒத்துப்போகும்.

எந்தப் பசை நல்லது?

மரத்தின் மேல் தோல் என்றால் சாதாரண வெள்ளை மரப்பசையே போதும். அட்டைத் துண்டால் வழித்து, மெல்லிய படலமாக மரத்தில் மட்டும் பூசுங்கள். ஊற்றினால் தோலுக்குள் ஊறி மறுபக்கம் வந்து, காய்ந்ததும் அந்த இடம் தகடாகிவிடும். இரும்பின் மேல் ஒட்ட, செருப்புக்குப் பூசும் சொல்யூஷன். இரண்டு பக்கமும் பூசி, தொட்டால் கையில் ஒட்டாத பதம் வந்தபின் சேர்க்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது வச்சிரம். விலங்குத் தோலிலிருந்தே காய்ச்சுகிற பசை. பின்னால் தோல் தேய்ந்துபோனால் வெந்நீரும் சூடும் காட்டினால் விட்டுக்கொடுத்துவிடும், தாடையைச் சுரண்டிக்கொண்டு உட்கார வேண்டாம்.

கிளாம்ப் முனையில் ஒட்டிய தோல், வேலைப்பொருளோடு ஒட்டிக்கொண்டு வருகிறதே?

இணைப்பிலிருந்து பிதுங்கிய பசை பட்டிருக்கும். தோலில் மெழுகைத் தேய்த்து வையுங்கள், அல்லது பசை வழிகிற இடத்தில் மட்டும் ஒரு துண்டு பிளாஸ்டிக் டேப் வையுங்கள்.

அப்புறம் ஒன்று. ஓக் போலத் துவர்ப்பு மிகுந்த மரத்தில் ஈரப் பசையும் இரும்பும் சேர்ந்தால் நீலக்கறுப்பாகக் கறை விழும். தோல் நடுவில் இருந்தால் இரும்பு நேராகப் படாது என்பது சரி. ஆனால் தோலே நனைந்துவிட்டால் அந்தக் காப்பு போய்விடும். அந்த மரங்களுக்குத் தோலும் பிளாஸ்டிக்கும் சேர்த்தே வையுங்கள்.

உளி தீட்டும் வார் செய்யக் கோட்டுத் தோல் ஆகுமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. நானே தப்பாகச் செய்து கற்றுக்கொண்டதும் இதுதான்.

சாணைக்கல்லில் தீட்டிய உளியின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத பிசிர் நிற்கும்; அதை நீவி எடுத்து நுனியை மெருகேற்றத்தான் தோல்வார். சவரக்கத்தியைத் தோலில் இழுப்பதும் இதே கதைதான். கூர்நுனி பின்னால் வரும்படி இழுக்க வேண்டும், முன்னால் தள்ளினால் தோல் அறுபடும். இதில் தோல் எவ்வளவு அமுங்குகிறது என்பதுதான் முக்கியம். உளியை வைத்து இழுக்கும்போது தோல் அடியில் பள்ளமாகி, உளி தாண்டிய உடனே பின்னால் மேலெழும்பும். எழும்பும் அந்தத் தோல் நுனியை உரசி உருட்டிவிடும். நீங்கள் கல்லில் வைத்த சாய்வு ஒன்று, நுனியில் இப்போது இருக்கும் சாய்வு வேறு.

உடுப்புத் தோல் பெரும்பாலும் 0.6 முதல் 1.2 மில்லிமீட்டர் தடிமன். மெத்தென்று இருப்பதற்காகவே பதனிட்டது. ஒரு செம்மறித் தோல் கோட்டின் கையை வெட்டி, இரண்டு மடிப்பாகப் போட்டால் இன்னும் நல்லது என்று நினைத்து வார் செய்தேன். முடியைச் சிரைத்துப் பார்த்தேன், சிரைத்தது. மரத்தில் வைத்தால் உளி மேலேறி வழுக்கியது. பிடியைத் தூக்கினால்தான் வெட்டியது. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது நுனி கூழாங்கல் மாதிரி உருண்டிருந்தது. 1000ஆம் நம்பர் கல்லில் ஆரம்பித்து மறுபடி சாய்வை எடுக்க வேண்டியதாயிற்று.

ஆகவே தட்டையான உளிக்கும் இழைப்புளி அலகுக்கும் பழைய பெல்ட்டை எடுங்கள். 3, 4 மில்லிமீட்டர் தடிமனில், கெட்டியாக, ஒரே தோலில் செய்ததாக இருக்க வேண்டும். பல பெல்ட்டுகளில் மேலும் கீழும் மெல்லிய தோல், நடுவில் அட்டை. ஓரத்தைப் பார்த்தால் தெரியும். கோட்டுத் தோல்தான் இருக்கிறது என்றால் ஒற்றை அடுக்காக, நன்றாக இழுத்து, சமமான கெட்டி மரத்தில் ஒட்டி, உளியின் எடையே போதும் என்கிற அளவுக்கு லேசாக இழுங்கள்.

அப்படியானால் மெல்லிய தோல் வாருக்கு உபயோகமே இல்லையா?

செதுக்கு வேலைக்காரர்களுக்கு உண்டு. குழி உளியின் உள்வளைவைத் தீட்ட, அந்த வளைவுக்கு ஏற்ற உருண்டைக் குச்சியில் கோட்டுத் தோலைச் சுற்றி ஒட்டுங்கள். பெல்ட் அங்கே வளைந்துகொடுக்காது. மெல்லிய தோல் ஜெயிக்கும் இடம் இது.

பச்சைக் கட்டியை எந்தப் பக்கம் தேய்ப்பது? எத்தனை தடவை இழுப்பது?

பச்சைக் கட்டி என்பது வாரில் தேய்க்கும் மெருகுக் கட்டி; அதில் வேலை செய்வது குரோமியம் ஆக்சைடு. நல்ல கட்டியில் அதன் துகள் சுமார் அரை மைக்ரான். மலிவுக் கட்டிகளில் அலுமினியம் ஆக்சைடும் கலந்திருக்கும், வேகமாகத் தேய்க்கும். சொரசொரப்பான பக்கம் கட்டியை அதிகம் பிடித்துக்கொள்ளும். மழமழப்பான பக்கம் குறைவாகப் பிடித்தாலும் அமுங்குவது குறைவு. பெல்ட் வாரில் நான் மழமழப்பான பக்கத்தை மேலே வைத்து, பூச்சை உப்புத்தாளால் எடுத்துவிட்டுத் தேய்க்கிறேன். பென்சிலால் நிழல் போடுவது மாதிரி ஒரு சாயல் விழுந்தால் போதும், அப்பினால் அதுவே மெத்தையாகிவிடும்.

சாய்வுப் பக்கம் பத்து இழுப்பு, தட்டைப் பக்கம் நாலைந்து. நூறு இழுத்தால் நூறு மடங்கு கூர் வராது, போன கேள்விக்கு முந்தினதில் சொன்ன உருண்டைதான் வரும்.

ஆசையாக உளிகளுக்குத் தோல் உறை தைத்தேன். மூன்று மாதத்தில் எல்லாம் துரு. ஏன்?

தோல் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பதனிடும்போது சேர்ந்த உப்பும் அமிலமும் அதில் மிச்சமிருக்கும். ஈரம், உப்பு, இரும்பு மூன்றையும் ஒன்றாகப் பையில் போட்டுக் கட்டிவைத்தால் துருப் பிடிக்காமல் என்ன செய்யும்? குரோம் போட்டுப் பதனிட்டதிலும் இது நடக்கும். மரப்பட்டைத் துவர்ப்பில் பதனிட்டதில் துருவோடு கறுப்பும் சேர்ந்து வரும்.

உறையை எடுத்துப்போகும்போது மட்டும் போடுங்கள். பட்டறையில் உளியைப் பலகைத் துளையில் நிறுத்தி வையுங்கள். வெளியூருக்குக் கொண்டுபோய்த் திரும்பினால் அன்றைக்கே கழற்றி, எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. உளி சுருட்டி வைக்கும் தோல் பைக்கும் இதே விதிதான்.

கறுப்புக் கோட்டு. சாயம் மரத்தில் ஒட்டுமா?

ஒட்டலாம். வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து தோலில் இருபது தடவை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தால் அந்தப் பக்கம் வெளிர் மரத்துக்கு ஆகாது. மேல்பக்கத்தில் பூச்சு இருப்பதால் சாயம் விடாது, சொரசொரப்பான பக்கத்தில்தான் விடும். நாம் வெளியே வைப்பதும் அதைத்தான். சாயம் விடுகிற தோலை மழமழப்பான பக்கம் வெளியே வருமாறு ஒட்டுங்கள். பிடி கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

சாயத்தைவிட மோசமானது பழைய மெருகு. கோட்டுக்குப் பளபளப்பு ஏற்றும் சில திரவங்களில் சிலிகோன் இருக்கும். அது மரத்தில் பட்டால் கண்ணுக்குத் தெரியாது. வார்னிஷ் அடிக்கும்போது அந்த இடத்தில் மட்டும் வார்னிஷ் ஒதுங்கி, மீன் கண் மாதிரி வட்ட வட்டமாகக் குழி நிற்கும். கோட்டின் வரலாறு தெரியாவிட்டால், கடைசி மெருகு ஏற்றப்போகும் பரப்பில் அதை வைக்காதீர்கள். கருவிகளை வைக்கும் தட்டுக்கு விரிப்பாக்குங்கள்.

கோட்டை ஏப்ரனாக்கலாமா?

நன்றாகவே வரும். முதுகுப் பாகம் மார்பிலிருந்து தொடைவரை மறைக்கும், முன்பாகங்கள் இரண்டையும் பக்கத்தில் ஒட்டுப்போடலாம். கழுத்தில் மாட்டினால் ஒரு மணி நேரத்தில் பிடரி வலிக்கும், நாடாவை முதுகில் குறுக்காகப் போட்டுத் தோளில் இறக்குங்கள். மார்புப் பைக்கு மூடி வையுங்கள், இல்லையென்றால் அது மரத்தூள் டப்பாதான்.

ஆனால் கடைசல் இயந்திரம், துளையிடும் இயந்திரம் பக்கத்தில் தொங்கும் நாடா எதுவும் கூடாது. துணி நாடாவாவது சில சமயம் கிழியும், தோல் நாடா கிழியாமல் ஆளை இழுக்கும். நாடாவைப் பின்னால் கட்டி நுனியை உள்ளே செருகுங்கள், அல்லது இழுத்தால் தானாக விடுபடும் கொக்கி போடுங்கள். கோட்டின் கைகளைக் கைக்காப்பாக மாட்டிக்கொள்ளும் யோசனை கைவேலைக்குச் சரி, சுழலும் இயந்திரத்துக்கு வேண்டாம்.

தோல் கையுறை நிறைய இருக்கிறது. ரம்பம் ஓட்டும்போது போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. மேலே நாடாவுக்குச் சொன்னதேதான். சுழலும் பல் கையுறையைப் பிடித்தால் கையைக் கூடவே கொண்டுபோகும்.

கையுறையின் விரல்களை வெட்டி எடுங்கள். மரத்தைச் சுரண்டி மழமழப்பாக்கும் எஃகுத் தகடு இருக்கிறதே, அதை இரண்டு கட்டைவிரலாலும் வளைத்துத் தள்ளும்போது பத்து நிமிடத்தில் விரல் சுட்டுவிடும். கையுறையின் கட்டைவிரல் இரண்டையும் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டால் சாயங்காலம்வரை சுரண்டலாம்.

கதவுக் கீல், கொட்டாப்புளி முகம் இதற்கெல்லாம்?

சின்னப் பெட்டி மூடிக்குப் பெல்ட் துண்டு கீலாகும், கோட்டுத் தோல் இழுபட்டு மூடி சரிந்துவிடும். கொட்டாப்புளி முகத்துக்கும் பெல்ட்தான். உப்புத்தாள் கட்டையின் அடியில் ஒட்டக் கோட்டுத் தோல் அருமை, வளைந்த பரப்பில் தாள் கிழியாது.

வாரைச் சமப்படுத்தத் தோலை மெஷினில் தேய்க்கலாமா? மிஞ்சிய துண்டுகளை அடுப்பில் போட்டுவிடலாமா?

தேய்ப்பதானால் கையால், உப்புத்தாளை மேசையில் விரித்து, முகக்கவசத்தோடு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளையும் தோல் தூளையும் ஒரே வரிசையில், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மரத்தூளுக்குப் பயப்படுகிறவர் இதற்கும் பயப்பட வேண்டும்.

அடுப்பில் போடவே கூடாது. குரோமியம் உப்பில் பதனிடும் முறைக்கு அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் 1884இல் காப்புரிமை பெற்றார். இன்றைய உடுப்புத் தோலில் பெரும்பகுதி குரோமில் பதனிட்டதுதான். தோலில் இருக்கும்போது அந்தக் குரோமியம் பெரிதாகத் தொல்லை தராத வடிவம். எரிக்கும்போது அதில் ஒரு பங்கு நச்சு மிகுந்த ஆறு இணைதிறன் குரோமியமாக மாறலாம், சாம்பலிலும் தங்கும். அந்தச் சாம்பலைச் செடிக்குப் போடலாமா என்று கேட்டவரும் உண்டு. வேண்டாம். குப்பையோடு குப்பையாகக் கொடுத்துவிடுங்கள்.

அப்பாவின் கோட்டு. வெட்ட மனசு வரவில்லை, சும்மா தொங்கவும் மனசு வரவில்லை. என்ன செய்ய?

உடனே வெட்டாதீர்கள். முதலில் உள்துணியை மட்டும் பிரித்துப் பாருங்கள். அந்த வேலை செய்யும்போதே முடிவு தெரிந்துவிடும். வெட்டுவதாக முடிவானால் உள்பையை மட்டும் தையலோடு, சுற்றிலும் நாலு விரல் தோல் விட்டு முழுசாக எடுங்கள். மேசைக் காலின் வலப்பக்கத்தில், உட்காராமலேயே கை எட்டும் உயரத்தில், நாலு மூலையிலும் ஆணி அடித்து மாட்டுங்கள். பென்சிலும் மடக்கு அளவுகோலும் அதில் சரியாக உட்காரும். பையின் அடித்தையலில் அரை அங்குலம் பிரித்துவிடுங்கள், மரத்தூள் தானாக இறங்கிவிடும்.